சர்க்கரை ஏற்றிய நெல்: பலமும் பலவீனமும்

2002இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அஜய் கார்க், ரே வூ குழுவினர் பூசா பாஸ்மதி-1 நெல்லுக்குள் ஈ.கோலை பாக்டீரியாவின் இரு மரபணுக்களை ஒட்டிப் புகுத்தினர். அந்த நெல்லில் டிரெகலோஸ் என்னும் சர்க்கரை கூடியது. உப்பையும் வறட்சியையும் குளிரையும் அது நன்றாகத் தாங்கியது. காப்புச் சர்க்கரையைக் கூட்டினால் பயிர் பிழைக்கும் என்ற இந்த அணுகுமுறையில் பாதிதான் சரி என்பேன்.

சரியான பாதி இது. வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது, வெயிலோ குறைவதில்லை. பசுங்கணிகத்தில் போக்கிடமற்ற எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பெருகுகின்றன. செல்லின் சவ்வும் புரதமும் சிதைகின்றன. இந்த ஆக்சிஜன் சேர்மங்களை அடக்கும் வைட்டமின் சி-யைச் செடி சர்க்கரையிலிருந்துதான் செய்துகொள்கிறது. அதற்குத் துணைநிற்கும் குளுட்டதயோன் செயலிழந்தால், அதை மீட்கத் தேவையான என்ஏடிபிஎச், சர்க்கரை பெண்டோஸ் பாஸ்பேட் வழியில் சிதையும்போது கிடைக்கிறது. கார்னெல் நெல்லிலும் ஒளியால் நேரும் ஆக்சிஜனேற்றச் சேதம் குறைந்திருந்தது.

ஆனால் அளவைப் பாருங்கள். டிரெகலோஸ் 3 முதல் 10 மடங்கு உயர்ந்தும், ஒரு கிராம் பச்சை எடைக்கு 1 மில்லிகிராமைத் தாண்டவில்லை. அவ்வளவு சொற்பமான சர்க்கரை தானே நின்று செல்லைப் பாதுகாத்திருக்க முடியாது. செடி தன் மாவுச்சத்துக் கணக்கை நடத்தும் விதத்தையே அது மாற்றியிருக்க வேண்டும். டிரெகலோஸ் உருவாகும் வழியில் தோன்றும் டிரெகலோஸ்-6-பாஸ்பேட், சுக்ரோஸ் இருப்பைச் செல்லுக்கு உணர்த்தும் சமிக்ஞை. அதில் கைவைப்பது ஆபத்து. 1990களில் ஈஸ்டின் டிரெகலோஸ் மரபணு ஏற்றிய புகையிலை வறட்சியைத் தாங்கியது, ஆனால் வளர்ச்சி குன்றியது. இதைத் தவிர்க்கவே கார்னெல் குழு ஒரு வகை நெல்லில் அந்த மரபணுவை அழுத்தம் வரும்போது செயல்படும்படி அமைத்தது. இன்னொன்றில் அதன் நொதியைப் பசுங்கணிகத்துக்குள் அனுப்பியது. அந்தக் கவனத்தைத்தான் நான் அவர்களின் பெரிய சாதனையாக மதிக்கிறேன்.

2015இல் வெளியான மக்காச்சோள ஆய்வு, சர்க்கரையின் அளவைவிடச் சமிக்ஞையே முக்கியம் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியது. நெல்லின் மரபணு ஒன்றை வளரும் கதிரில் இயக்கி, அங்கே அந்தச் சமிக்ஞையைக் குறைத்தார்கள். வயலில் மிதமான வறட்சியிலோ வறட்சியே இல்லாதபோதோ விளைச்சல் 9 முதல் 49 சதவீதம் வரையிலும், கடும் வறட்சியில் 31 முதல் 123 சதவீதம் வரையிலும் கூடியது.

இளநாற்றைத் தொட்டியில் வைத்து உப்புநீர் ஊற்றி, பெராக்சைடு குறைந்ததும் வெற்றி என்று எழுதும் ஆய்வுகள் எனக்குப் போதவில்லை. நெல்லுக்குப் பூக்கும் பருவத்து வறட்சிதான் பேரிழப்பு. சர்க்கரை ஏற்றிய நெல்லை அந்தப் பருவத்தில், வயலில், தானிய எடையோடு சேர்த்து அளக்க வேண்டும்.