புழு மருந்துக்குப் பழகிவிட்டதா?

தருமபுரி மாவட்டத்தில் காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் தக்காளி முக்கியமான பயிர். காயில் துளையிட்டுத் தலையை மட்டும் உள்ளே நுழைத்து, பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு தின்னும் காய்ப்புழுவை அங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த வட்டாரத்தில் மட்டுமல்ல, எந்த ஊர்ப் பூச்சிமருந்துக் கடையிலும் சற்று நேரம் நின்றால் இப்படியொரு பேச்சு உங்கள் காதில் விழும்.

“ஏங்ண்ணா, போன வருசம் டேங்குக்கு ஒரு மூடி ஊத்துனா புழு செத்துச்சு. இப்ப ரெண்டு மூடி ஊத்தியும் சாவ மாட்டேங்குது.”

“புழு மருந்துக்குப் பழகிடுச்சுங்க. மூணு மூடி ஊத்திப் பாருங்க.”

இந்தப் பதில் தவறு என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஏனென்றால் படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பாடம் நடத்துகிறவர்களில் சிலரும் சொல்கிறார்கள். பரிணாமத்தைப் பற்றி நம்மிடையே உள்ள தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை ‘பழகிவிட்டது’ என்ற இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

பழக்கம் என்பது என்ன? ஒரு பெரியவர் நாற்பது ஆண்டுகளாகப் புகையிலை போடுகிறார். அவருக்குத் தலை சுற்றுவதில்லை, உடம்பு பழகிவிட்டது. ஆனால் அவருடைய பேரன் முதல் முறையாக ஒரு துண்டை வாயில் போட்டால் தலை சுற்றத்தான் செய்யும். தாத்தாவின் பழக்கம் பேரனுக்கு வந்து சேருவதில்லை. மேலும், பழகுவதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? சரியான அளவில் மருந்து பட்ட புழு செத்துப்போகிறது. செத்த புழு எதற்கும் பழகுவதில்லை.

அப்படியானால் வயலில் நடப்பது என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான், வழி உண்மையானது. ஒரு தோட்டத்தில் 10,000 புழுக்கள். அவற்றில் 10 மட்டும் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கக்கூடியவை. அவற்றின் உடலில் விஷத்தைச் சிதைக்கும் நொதி சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அல்லது விஷம் போய்த் தாக்கும் நரம்புப் புரதத்தின் அமைப்பு சற்று மாறியிருக்கலாம். மருந்து அடித்ததும் மற்றவற்றில் நூற்றுக்கு 95 சாகின்றன. ஏறத்தாழ 500 மிஞ்சுகின்றன. தாங்கும் பத்தும் அப்படியே இருக்கின்றன. ஆக, ஆயிரத்தில் ஒன்றாக இருந்தவை ஐம்பதில் ஒன்றாகிவிட்டன.

பெண் அந்துப்பூச்சி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எனவே அடுத்த தலைமுறையில் மறுபடியும் 10,000 புழுக்கள் என்று கொள்வோம். பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இப்போது தாங்குபவை சுமார் 200. மீண்டும் மருந்து. அதற்கடுத்த தலைமுறையில் அவை சுமார் 2,900. மீண்டும் மருந்து. நான்காம் தலைமுறையில் 8,900! அந்தத் தலைமுறைக்கு மருந்து அடித்தால் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் சாகிறது. முதல் இரண்டு முறை மருந்து ‘நன்றாக வேலை செய்தது’ என்றுதான் விவசாயி சொல்லியிருப்பார். உண்மையில் காரியம் கெட்டது அப்போதுதான்.

இந்தக் கதையில் எந்தப் புழுவும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தாங்காதது தாங்காததாகவே செத்தது. தாங்கியது பிறந்தது முதலே தாங்கியது. மாறியது கூட்டத்தில் அவை இருக்கும் விகிதம்தான். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவே. வெளியூர் அந்துப்பூச்சிகள் பறந்து வந்து கலப்பதால் உண்மையான வயலில் இது மெதுவாக நடக்கும்.

“தாங்குபவை முன்னமே இருந்தன என்பதற்கு என்ன சாட்சி? மருந்து பட்ட பிறகு தோன்றியிருக்கலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1952-இல் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் என்ற அமெரிக்கத் தம்பதியர் இதற்கு ஒரு வெல்வெட் துணியைக் கொண்டு விடை கண்டார்கள். தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்த பாக்டீரியாக்களின் மேல் துணியை ஒற்றி, அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்த வேறு தட்டுகளில் ஒற்றினார்கள். ரப்பர் ஸ்டாம்பு குத்துவது போலத்தான். மருந்துத் தட்டுகளில் ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்பப் பாக்டீரியாக்கள் பிழைத்தன. பிறகு, மருந்தையே காணாத முதல் தட்டில் அந்த இடத்திலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். மருந்தைத் தாங்குபவை அங்கே முன்னமே இருந்தன! மரபுப் பொருள் நகலாகும்போது தற்செயலாக நேரும் பிழைகளால் இவை தோன்றுகின்றன. தேவையைப் பார்த்துத் தோன்றுவதில்லை.

இனி நம்முடைய சொற்களையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இயற்கைத் தேர்வு’ என்றதும் மாணவருக்கு வினாத்தாளும் மேற்பார்வையாளரும் நினைவுக்கு வருகிறார்கள். இங்கே தேர்வு நடத்துபவர் யாரும் இல்லை. ‘தகுதியுள்ளது வாழும்’ என்கிறோம். இது ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் உண்டாக்கிய தொடர். டார்வின் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல்தான் இதைச் சேர்த்துக்கொண்டார். தகுதி என்றால் பலமோ புத்தியோ அன்று. அந்த இடத்தில், அந்த நேரத்தில், கூடுதலான சந்ததியை விட்டுச் செல்வது, அவ்வளவுதான். மருந்தே அடிக்காத வயலில் தாங்கும் புழு பல சமயம் மற்றதைவிடப் பின்தங்கிவிடும். ‘பரிணாம வளர்ச்சி’ என்ற சொல்தான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகமாக உறுத்துகிறது. இருட்குகையில் வாழும் மீன்கள் கண்ணை இழந்ததும் பரிணாமமே. அதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது?

சொல்லில்தானே தவறு, போகட்டும் என்று விட முடியாது. தக்காளியைத் துளைக்கும் அதே காய்ப்புழுதான் பருத்திக் காயையும் துளைக்கிறது. சாமந்திக்கு உறவான ஒரு பூவிலுள்ள விஷத்தைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த பைரித்ராய்டு மருந்துகள் 1980-களில் நம் நாட்டில் பரவின. 1987-இல் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் அவை காய்ப்புழுவிடம் தோற்றன. அடிக்கு மேல் அடி அடித்தும் பருத்தி போயிற்று. கடன்பட்ட விவசாயிகள் பலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள்.

புழு ‘பழகிவிட்டது’ என்று நம்புகிறவர் மூடியைக் கூட்டுவார். விகிதம் மாறிவிட்டது என்று புரிந்துகொண்டவர் வேறு விதமாகக் கொல்லும் மருந்துக்கு மாறுவார், தேவையில்லாதபோது அடிக்கமாட்டார், கொஞ்சம் பயிரை மருந்தில்லாமல் விட்டுவைக்கவும் துணிவார். கடைசி யோசனை பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறதா? அங்கே பிழைக்கும் சாதாரணப் பூச்சிகள், தாங்கும் பூச்சிகளோடு கலந்து அவற்றின் விகிதத்தைக் குறைக்கும்.

2002-இல் பி.டி. பருத்தி இந்தியாவில் அனுமதிக்கப்பட்டபோது இதே கணக்கில்தான் 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தனிப் பொட்டலத்தில் கொடுத்தார்கள். வயலின் ஓரத்தில் அதை நட வேண்டும் என்பது விதி. புழுவுக்கு எதற்குத் தீனி போட வேண்டும் என்று எண்ணிப் பலர் அதை நடவே இல்லை. ஏன் நட வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும்படி சொன்னவர்களும் குறைவு. 2010-இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் பருத்தியைத் தின்று பிழைப்பதாக அறிவிப்பு வந்தது.