தேன்கூட்டுக் கதையும் தருமப் பாடசாலையும்

பேராசையைப் பாவமென இகழ்ந்துவந்த ஐரோப்பியச் சிந்தனை, பதினெட்டாம் நூற்றாண்டில் அதனைச் சமுதாய வளத்துக்கு ஏதுவெனக் கொள்ளத் தலைப்பட்டது என்பர். அம்மாற்றத்தின் தொடக்கமாகப் பேர்ணாட் மாண்டவிலையும், அதன் நிறைவாக அடம் சிமித்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவது பெருவழக்கு. அது ஒருபுடை பொருந்துவதே. ஆயினும் அவ்விருவரும் உண்மையிற் பிரியுமிடம் யாது என்னும் வினாவை அவ்வரிசை மறைத்துவிடுகின்றது.

மாண்டவில் 1670இல் ஒல்லாந்திற் பிறந்து, இலெய்டனில் மருத்துவம் பயின்று, இலண்டனிற் குடியேறியவர். 'முறுமுறுக்கும் தேன்கூடு' என்னும் சிறு செய்யுணூலை அவர் 1705இல் வெளியிட்டார். அக்கூட்டில் வழக்கறிஞரும் மருத்துவரும் வணிகரும் அவரவர்க்கு இயன்றவாறு ஏமாற்றிப் பிழைக்கின்றனர்; கூடோ செழிக்கின்றது. வஞ்சகம் ஒழியவேண்டுமென அவை முறையிடத் தேவனும் அவ்வாறே அருளுகின்றான். உடனே சிறைகள் வெறுமையாகின்றன. பூட்டுச் செய்வோனுக்கும் வேலையில்லை. ஆடம்பரம் மறையத் தொழில்கள் மடிகின்றன. எஞ்சிய தேனீக்கள் ஒரு மரப்பொந்தை நாடிப் பறக்கின்றன. செய்யுள் கரடுமுரடானது, நகைச்சுவை மட்டும் இன்றும் வாடவில்லை. இதற்கு உரைகள் சேர்த்து, 'தனியார் தீமைகள், பொது நன்மைகள்' என்னுந் துணைத்தலைப்போடு 1714இல் 'தேனீக்களின் கதை' வெளிவந்தது.

இந்நூலின் தருக்கப் பிழையைச் சிமித் 1759இல் வெளியிட்ட தம் அறவியல் நூலிலே தெளிவாகக் காட்டினார். முற்றுந் துறந்தாலன்றி அறமில்லை என்று மாண்டவில் முதலில் அளவுகோலை வானளாவ உயர்த்துகின்றார். பின்னர் அதற்கெட்டாத யாவற்றையும் தீமை என்கின்றார். அவ்வாறாயின் தூய சட்டையணிதலும் ஆடம்பரமே. தன்னலம் வேறு, பேராசை வேறு என்னும் எளிய வேறுபாட்டை அழித்தே அவருடைய புதிர் நிற்கின்றது. எனினும் உண்மையின் ஓரத்தையேனும் தொடாதிருந்தால் அக்கொள்கை இத்தனை பேரை மயக்கியிராது என்பதையும் சிமித் மறைக்கவில்லை. பகைவன் நூலை இங்ஙனம் நடுநிலையோடு நோக்குந் திறனாய்வு அக்காலத்தில் அரிது.

ஆனால், நூலின் பெருங்குறை தருக்கத்தில் இல்லை. 1723ஆம் ஆண்டுப் பதிப்பில் மாண்டவில் தருமப் பாடசாலைகளைத் தாக்கும் கட்டுரையொன்றைச் சேர்த்தார். அதுவரை பெரிதும் பொருட்படுத்தப்படாத நூலை மிடில்செக்ஸ் ஜூரர் சபை அவ்வாண்டே பொதுத் தீங்கெனக் குற்றஞ்சாட்டியது. அக்கட்டுரையின் சாரம் இது: அடிமைகளில்லாத நாட்டில் உழைக்கும் ஏழைகளின் பெருக்கமே செல்வம், அவர்கள் மலிவாக உழைக்கவேண்டுமாயின் வறியராகவும் கல்லாதவராகவும் இருத்தல்வேண்டும், எழுத்தறிந்த சிறுவன் ஏர்பிடிக்க விரும்பான். தேன்கூட்டிற் கேட்ட சிரிப்பு இங்கே அடங்கிவிடுகின்றது. செல்வனின் அவா வாணிகத்தை வளர்க்குமாயின், நல்ல கூலிக்கும் மகனின் கல்விக்கும் ஏழை கொள்ளும் அவா மட்டும் நாட்டைக் கெடுப்பதெங்ஙனம்? இவ்வினாவுக்கு மாண்டவிலிடம் விடையில்லை. அவரது பொது நன்மையில் 'பொது' என்பது யார் என்பதும் இங்கேதான் வெளிப்படுகின்றது.

பிற்காலத்தார் இந்நூலில் வேண்டியதை எடுத்துக்கொண்டனர். கெயின்ஸ் 1936இல் சிக்கனத்தைப் பழிக்கும் பகுதியைப் பாராட்டினார். ஹயெக் 1966இல் நிகழ்த்திய விரிவுரையிலே திட்டமிடாமலே சமுதாய ஒழுங்கு தோன்றும் என்னுங் கருத்தைப் போற்றினார். இரண்டும் தகுதியுடைய வாசிப்புகளே.

சிமித்தின் 'நாடுகளின் செல்வம்' 1776இல் வெளிவந்தது. இறைச்சி விற்போனும் அப்பஞ் சுடுவோனும் தந்நலங் கருதியே நமக்கு உணவளிக்கின்றனர் என்னும் பகுதியை அறியாதார் இலர். அந்நூலிலே, ஒரே தொழில் வணிகர் கூடினால் அப்பேச்சு மக்களுக்கெதிரான சூழ்ச்சியிலேயே முடியும் என்று எழுதியவரும் அவரே. அதனை மேற்கோள் காட்டுவோர் சிலரே. தன் நிலையை உயர்த்திக்கொள்ளும் விருப்பம் கூலியாளுக்கும் உண்டென்பதே அவரது கொள்கையின் உயிர்நிலை. ஆதலின் மிகுந்த கூலி சோம்பலைத் தரும் என்னும் வாதத்தை மறுத்து, அஃது ஊக்கத்தையே தரும் என்றார். மக்களிற் பெரும்பாலார் வறுமையில் உழலும் சமுதாயம் செழித்ததாகாது என்றுங் கூறினார்.

நூலின் ஐந்தாம் பகுதியிலே மாண்டவிலுக்குரிய மறுமொழி, அவர் பெயர் கூறப்படாமலே, அமைந்துகிடக்கின்றது. வாணாள் முழுவதும் ஓரிரு சிறு வினைகளையே செய்பவனின் அறிவு மழுங்கும். ஆகவே கோயிற்பற்றுதோறும் சிறு பாடசாலை நிறுவுதல் அரசின் கடன் என்கின்றார் சிமித். ஸ்கொத்லாந்தின் பாடசாலைகளால் அந்நாட்டு எளிய மக்கள் ஏறத்தாழ யாவரும் வாசிக்கக் கற்றனர் என்று எடுத்துக்காட்டி, இங்கிலாந்தின் தருமப் பாடசாலைகளும் அத்துணைப் பரவலாக இல்லையாயினும் அதே பயனை விளைத்தன என்றுஞ் சேர்க்கின்றார். கட்டணம் கூலியாளும் கொடுக்கத்தக்கதாய்ச் சிறிதாக இருத்தல்வேண்டும். ஆசிரியர் வேதனத்தின் ஒரு பகுதியைப் பொதுப்பணம் ஏற்கலாம். முழுவதையும் ஏற்றலாகாது, ஏற்றால் அவர் விரைவிலே தம் தொழிலைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்வார் என்பது சிமித்தின் எச்சரிக்கை.