தங்கவயல் முதியோர் நினைவுரைகளும் எழுத்துத்தமிழும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

வாய்மொழியாகச் சொல்லப்படும் வாழ்க்கை நினைவுகளை அச்சில் கொண்டுவரும்பொழுது பேச்சுத்தமிழ் எழுத்துத்தமிழாக மாற்றப்படுகிறது. பின்னர் அவ்வெழுத்து வடிவமே ஆங்கிலம், கன்னடம் முதலிய மொழிகளில் பெயர்ப்போருக்கு மூலமாகிறது. முதல் மாற்றத்தை எவரும் மொழிபெயர்ப்பு என்று கூறுவதில்லை. 'செப்பம் செய்தல்' என்றே கூறுவர். ஆனால் பொருளிழப்பு மிகுதியும் நேர்வது இக்கட்டத்திலேதான் என்பது இக்கட்டுரையின் கருத்து. ராபர்ட்சன்பேட்டையையும் அதனைச் சூழ்ந்த கோலார் தங்கவயல் சுரங்கக் குடியிருப்புகளையும் களமாகக் கொண்டு, விளக்கு, மின்சாரம், வானொலி ஆகியன வீட்டிற்கு வந்த காலத்தைப் பற்றிய முதியோர் பேச்சு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. காட்டப்படும் தொடர்கள் பேச்சின் அமைப்பை விளக்குவதற்காகக் கட்டுரையாளர் அமைத்தவை. தனியொருவர் கூற்றுகள் அல்ல.

2. களப் பின்னணி

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடியேறினர். அவருள் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து 1902ஆம் ஆண்டு சுரங்கங்களுக்கு மின்சாரம் தரப்பட்டது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல். சென்னை மாநிலத்தில் பைக்காரா மின்நிலையம் தொடங்கியது 1932இல்.

இவ்வாண்டுகளைக் கொண்டு 'நாட்டில் முதன்முதலாக மின்சாரம் பெற்ற ஊர்களுள் ஒன்று' எனத் தங்கவயலைப் போற்றுவது வழக்கம். அது பிழையன்று, எனினும் முழுமையன்று. அம்மின்சாரம் சுரங்க எந்திரங்களுக்காக வந்தது. மூங்கில் தட்டிகளால் ஆன தொழிலாளர் வீடுகளில் அன்று எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே. சுரங்கத்திற்கு மின்சாரம் வந்த ஆண்டும் 'லைன்' வீட்டில் விளக்கெரிந்த ஆண்டும் ஒன்றல்ல. இந்த இடைவெளியைக் கூறும் சான்று பெரிதும் முதியோர் பேச்சிலேயே உள்ளது. ஆகவே அப்பேச்சை எவ்வாறு எழுதுகிறோம் என்பது நடை பற்றிய வினா மட்டுமன்று. வரலாறு பற்றிய வினாவும் ஆகும்.

3. பெயர்ச்சொற்கள்

செப்பம் செய்வோர் முதலில் மாற்றுவன பெயர்ச்சொற்களே. 'கரண்டு' மின்சாரம் ஆகிறது. 'ரேடியோ' வானொலி ஆகிறது. இவற்றால் பேரிழப்பில்லை. ஆனால் 'லைன்' என்பதை 'குடியிருப்பு' என்றும், 'கம்பெனி' என்பதை 'நிர்வாகம்' என்றும் மாற்றுவது வேறு வகையானது. லைன் என்பது ஒரு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே நேர்கோட்டில் நிற்கும் சிறு வீடுகளைக் குறிக்கும். குடியிருப்பு என்னும் சொல்லில் அதிகாரியின் பங்களாவும் அடங்கிவிடும். லைன் என்பதில் அடங்காது.

'கம்பெனி' என்னும் சொல் காலத்தையும் சுட்டவல்லது. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் நடுவணரசின் பொறுப்பிற்கு வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. ஆகவே ஒரு முதியவர் 'கம்பெனி காலத்துல' என்றால் அது பெரும்பாலும் 1956க்கு முற்பட்ட காலம். பழக்கத்தால் அச்சொல் பின்னரும் வழங்கக்கூடும் என்பதால் பிற சான்றுகளோடு ஒப்பிடவேண்டும். 'நிர்வாகம்' என்று எழுதிவிட்டால் ஒப்பிடுவதற்கே இடமில்லாமற் போகிறது.

'ஊர்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. சுரங்கப்பகுதியில் பிறந்து வளர்ந்தவரும் 'ஊருக்குப் போவோம்' என்னும்பொழுது வட ஆர்க்காட்டிலுள்ள மூதாதையர் சிற்றூரையே குறிப்பதுண்டு. இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் கிராமத்துச் சிமினி விளக்கைத் தங்கவயலில் ஏற்றிவிடுவார். அல்லது தங்கவயல் தெருவிளக்கைக் கிராமத்தில் நட்டுவிடுவார்.

4. வினைச்சொற்கள்

எண்ணெய் விளக்கை 'ஏற்றுவர்', மின்விளக்கைப் 'போடுவர்'. வழிபாட்டு விளக்கை 'அணை' என்று சொல்லாமல் 'அமர்த்து', 'குளிரவை', 'மலையேற்று' என்பர். மின்விளக்கை 'நிறுத்து' என்பர். புதுக்கருவி பழைய விளக்கின் வினையை முழுமையாகப் பெறவில்லை. அதற்குரிய மங்கல வழக்கையும் பெறவில்லை. 'மின்விளக்கை ஏற்றினார்கள்' என்று செப்பம் செய்த தொடர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

மின்சாரத்திற்குப் பேச்சில் இயக்க வினைகள் வரும்: 'கரண்டு வந்துச்சு', 'கரண்டு போயிடுச்சு'. கொடுத்தவரைச் சொல்ல வேண்டின், 'கம்பெனி கரண்டு குடுத்துச்சு' என்று எழுவாய் வெளிப்படும். எழுத்துவடிவமோ இரண்டையும் 'மின்னிணைப்பு வழங்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினையாக்குகிறது. முதல் தொடரில் கொடுத்தவர் இல்லை, இரண்டாவதில் உண்டு, செப்பத்தில் கொடுத்தவர் இருந்தும் பெயரற்றவராகிறார். யார் கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதே பொருளாக உள்ள நினைவுரையில் இது சிறு பிழையன்று.

5. காலமும் இடப்பெயரும்

'அப்போ விளக்கு தொடைச்சு வைப்போம், சங்கு ஊதினதும் ஏத்துவோம்' போன்ற தொடர்களில் எதிர்கால வினைமுற்று இறந்தகால வழக்கத்தைக் குறிக்கிறது. இதனைத் 'துடைத்து வைத்தோம், ஏற்றினோம்' என்று எழுதினால் நாள்தோறும் நிகழ்ந்தது ஒருமுறை நிகழ்ந்ததாகச் சுருங்கும். மொழிபெயர்ப்பாளரும் அவ்வழியே செல்வார்.

'நாங்கள்', 'நாம்' வேறுபாடு இன்னும் நுட்பமானது. 'எங்க லைன்ல கரண்டு இல்ல' என்னும்பொழுது கேட்பவர் விலக்கப்படுகிறார். கேட்பவரும் லைனில் வளர்ந்தவராயின் 'நம்ம லைன்ல' என்று வரும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. பேட்டி கண்டவர் யார் என்பதைக் குறிப்பாகத் தந்தாலன்றி அவ்விலக்கலின் பொருள் அயல்மொழி வாசகருக்கு எட்டாது.

6. மறுப்பும் விடையும்

பேச்சை ஒலிப்படியே எழுதவேண்டும் என்பாருளர். அதிலும் குறையுண்டு. கேள்வி கேட்பவர் எழுத்துத்தமிழிலும் விடை கூறுபவர் கொச்சை வடிவிலும் அச்சேறினால், இருவரும் உரையாடியது ஒரே பேச்சுத்தமிழில் என்பது மறைந்து, முதியவர் மட்டும் கல்லாதவராகத் தோன்றுவார். மதிப்பை நாடித் தொழிலாளர் நடத்திய நெடும் போராட்டங்களைக் கண்ட ஊரில் இது பொறுக்கத்தக்கதன்று.

ஆகவே ஓர் அளவுகோல் தேவை. தமிழ்ப்பேச்சு பலவற்றிற்கும் பொதுவான ஒலித்திரிபுகளை ('வீட்ல', 'தொடைச்சு') எழுத்துவடிவில் அமைக்கலாம். இடம், காலம், சமூகநிலை ஆகியவற்றைச் சுட்டும் கூறுகளை மாற்றலாகாது. 'வந்துகினு' என்பதிலுள்ள '-கினு' வட தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்ததன் தடயம், அது நிற்கவேண்டும். லைன், கம்பெனி, சங்கு ஆகிய சொற்களும், விளக்கிற்குரிய வினைகளும், வழக்க எதிர்காலமும், 'நாங்கள்' என்பதும் நிற்கவேண்டும். கேட்பவரின் வினாவும் இவ்விதிப்படியே எழுதப்படவேண்டும்.

7. முடிவுரை

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பணி நின்றதும் பணியோடு வழங்கிய சொற்களைப் புதிதாகக் கற்போர் இலர். தட்டி வீட்டு விளக்கை நினைவில் வைத்திருப்போர் ஆண்டுதோறும் குறைகின்றனர். செப்பம் செய்த படி மட்டும் எஞ்சுமானால், 1902இல் மின்சாரம் 'வழங்கப்பட்டது' என்னும் ஆவணத் தொடரையே முதியோரும் ஒப்பித்ததுபோல் ஆகிவிடும். அவர்கள் சொன்னது வேறு. அவ்வேற்றுமையைக் காப்பது பதிப்பிப்போர், மொழிபெயர்ப்போர் ஆகிய இருவர்க்கும் பொதுவான கடமையாகும்.