பனிப்பெண் சிவா

ஜப்பானிய வீடியோ கேம் 'ஃபைனல் ஃபேன்டஸி'யில் சிவா ஒரு பனிப்பெண். கூப்பிட்டால் வந்து எதிரியை உறைய வைப்பாள். நெற்றிக்கண், தாண்டவம் எதுவும் கிடையாது. கோபப்படாதீர்கள், பெயர் மட்டும்தான் இரவல். யூத கபாலா மரபின் பத்து வெளிப்பாடுகளுக்குப் பெயர் 'செஃபிரோத்'; 7-ம் பாகத்தில் (1997) அது நீள்முடி வில்லனின் பெயர்!

2004-ல் வந்த 'டிஜிட்டல் டெவில் சாகா' தேவலை. நிர்வாணத்துக்குப் போக வேண்டும். அதற்குத் தோற்றவனைத் தின்ன வேண்டும். ஆடுகிறவருக்கே உறுத்தும்.

ரோல்-ப்ளேயிங் என்றால் வேஷம் கட்டுவதுதானே? சிங்காரப்பேட்டைப் பக்கம் வந்தால் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பாருங்கள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனின் தொடையைப் பீமன் வேஷக்காரர் அடிக்க, பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். மண் என்று தெரிந்தும் கண் கலங்குகிறது. அந்தக் கலக்கத்தை எந்த கேம் தருகிறதோ, அதற்கே என் ஓட்டு.