சாட்டைக்கு முன்னால் ஓர் உறுமல்

உறுமி கேட்க வேண்டுமென்றால் மதுரையில் மத்தியானம் மூன்று மணிக்குக் கேட்க வேண்டும். காலை ஈரத்தில் தோல் தளர்ந்து கிடக்கும், குரல் பிசுபிசுக்கும். உச்சி வெயிலைக் குடித்துத் தோல் விறைத்த பிறகுதான் அந்த அடிவயிற்று உறுமல் சுத்தமாக எழும். சாயங்காலம் ஆகிவிட்டால் கீழமாசி வீதி ஹாரன்களுக்குள் தேவலோகத்துத் துந்துபியே வந்தாலும் எடுபடாது.

விளக்குத்தூண் பக்கம் கடைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் அந்த இரண்டு மணி நேரம்தான் தெருக்கலைஞர்களின் ராஜ்ஜியம். பழைய கோட்டையை இடித்து ஊரைத் திறந்துவிட்ட கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிற்கிற தூண் அது. அதன் அடியில் சாட்டையடிக்காரர்கள் வளையம் போடும்போது எனக்கு ஊர் திறந்ததாகவே படும்.

வளையத்தில் நிற்பவர்கள் எல்லாரும் சாட்டையைப் பார்க்கிறார்கள். நான் உறுமி வாசிக்கிற அம்மாளைப் பார்க்கிறேன். தலையில் சாமிப் பெட்டி, கழுத்தில் மாட்டிய உறுமி, ஒரு கையில் நேர்க்குச்சி, இன்னொன்றில் வளைகுச்சி. நேர்க்குச்சி தட்டுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். வளைகுச்சிதான் வித்தை. தோலை விட்டு அதை எடுக்கவே மாட்டார். அழுத்தித் தேய்த்துக்கொண்டே போவார். அழுத்தம் கூடக் கூடக் குரல் மேலே ஏறும், மணிக்கட்டைத் தளர்த்தினால் சரிந்து இறங்கும். கமகம் என்று சபாக்களில் தலையாட்டுகிறவர்கள் ஒரு தரம் இங்கே வந்து நிற்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் நிறுத்துகிற இடம். சாட்டை நுனி காற்றில் வெடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் உறுமல் அறுந்துவிடும். அந்த வெற்றிடத்தில் விழுவதால்தான் அந்த ‘படார்’ நம் முதுகில் விழுந்ததுபோல் இருக்கிறது. எப்படிக் கணக்குப் பிடிக்கிறார் என்று கவனித்தேன். சாட்டையை அவர் பார்ப்பதே இல்லை. ஆளின் வலது தோள்பட்டையைப் பார்க்கிறார். தோள் பின்னால் போனதும் குச்சி நிற்கிறது. சாட்டையை ஓங்குபவர் தன் நேரத்துக்கு அடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

கழைக்கூத்துதான் உசத்தி என்று வாதாடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கயிற்றில் சிறுபெண் தட்டை வைத்து நகரும்போது எனக்கும் நெஞ்சு அடைக்கும், அது பயம். விழுந்துவிடுவாளோ என்கிற பதைப்பைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்டால் நண்பருக்குக் கோபம் வரும். மாசி வீதியில் மூங்கில் ஊன்ற இன்றைக்கு இடமும் கிடையாது. பூம்பூம் மாட்டுக்காரரிடமும் உறுமி இருக்கிறது, ஆனால் அவருக்கு அது மாட்டைத் தலையாட்ட வைக்கிற சாக்கு. தேய்ப்பில் பாதி சோம்பல். மலேசியாவில் தைப்பூசத்துக்கு உறுமி மேளம் என்று ஒரு படையே திரள்கிறது. அந்த வேகம் எனக்கும் பிடிக்கும், ஆனால் கூட்டமாக வாசிக்கும்போது தனி ஒரு மணிக்கட்டின் நுணுக்கம் மறைந்துபோகிறது.

இப்போது புதிதாக ஒரு கஷ்டம். இளவட்டங்கள் சில பேர் உறுமியை விட்டுவிட்டு ஸ்பீக்கர் பெட்டியில் சினிமாக் குத்துப்பாட்டைப் போட்டுவிட்டுச் சாட்டை சுழற்றுகிறார்கள். பாட்டு பாட்டுக்குப் போகிறது, சாட்டை சாட்டைக்கு அடிக்கிறது. தோளைப் பார்த்து நிற்க அந்தப் பெட்டிக்குக் கண் ஏது? கூட்டமும் செல்போனை உயர்த்திப் பிடித்துச் சாட்டையை மட்டும் படமெடுத்துக்கொண்டு கலைகிறது. அடிபடுகிற முதுகில் சிவப்புத் தெரிந்தால் சில்லறை கூடுதலாக விழுகிறது. நாடகத்துக்கு வந்தவர்கள் திரைச்சீலையின் விலையை விசாரிக்கிற ரசனை!

போன கோடையில் அந்த அம்மாளிடம், சாட்டை இல்லாமல் தனியாக உறுமி மட்டும் வாசித்தால் என்ன என்று கேட்டேன்.

“சாட்டை இல்லாம யாரு சாமி நிப்பா?”

நான் நிற்பேன் என்றேன். சிரித்தபடி வளைகுச்சியை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அவர் கையில் கொடுக்கலாமென்று ஐம்பது ரூபாயை நீட்டினேன், வாங்கவில்லை. சாட்டைக்காரரின் தட்டைத் தாடையால் காட்டினார். அதில்தான் போட வேண்டியிருந்தது.