துறைமுகம் கேட்டார்கள், நாட்டையே எடுத்தார்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கா கடல் கடந்து நிலம் பிடித்ததற்கு மூன்று நியாயங்கள் சொல்லப்பட்டன: பாதுகாப்பு, வணிகம், நாகரிகம். இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்பதோ தள்ளுவதோ சரியல்ல. மூன்றின் தரமும் வேறு வேறு.

முதலாவது வலுவானது. கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் தேயர் மாஹன் 1890இல் வெளியிட்ட நூல், கடலை ஆள்பவர்களே வரலாற்றில் வென்றார்கள் என்று வாதிட்டது. நீராவிக் கப்பலுக்கு வழியில் நிலக்கரி வேண்டும், பழுதுபார்க்க இடம் வேண்டும். இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு துறைமுகம் போதும். ஹவாயின் முத்துத் துறைமுகத்தைப் பயன்படுத்தும் தனி உரிமையை அமெரிக்கா 1887இலேயே ஒப்பந்தம் மூலம் பெற்றுவிட்டது. அப்படியிருந்தும், 1893இல் அமெரிக்க வம்சாவளித் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க அரசி லிலியுவோகலானியை வீழ்த்தினார்கள். 1897இல் ஆயிரக்கணக்கான ஹவாய் மக்கள் கையெழுத்திட்டு இணைப்பை எதிர்த்தார்கள். மறு ஆண்டே நாடு இணைக்கப்பட்டது.

வணிக வாதம் அச்சத்தில் பிறந்தது. 1893இல் பெரும் பொருளாதார நெருக்கடி. அதே ஆண்டு வரலாற்றாசிரியர் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர், மேற்கில் குடியேற இனி எல்லைப்புறம் இல்லை என்றார். மிஞ்சும் சரக்கைச் சீனாவில் விற்கலாம், அதற்குப் பிலிப்பைன்ஸின் மணிலா வாசல் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் அமெரிக்க ஏற்றுமதியில் பெரும்பகுதி அன்று ஐரோப்பாவுக்கே போனது. சீனா வாங்கியது சொற்பம். மேலும், 1899இல் வெளியுறவுச் செயலர் ஜான் ஹே சீனாவில் கேட்டது எல்லா நாடுகளுக்கும் சமமான வணிக வாய்ப்பைத்தான், நிலத்தை அல்ல. விற்பதற்கு ஆள வேண்டியதில்லை என்பதை அவரது கொள்கையே காட்டிவிட்டது.

ஆகவே மனிதர்களை ஆள்வதற்கு மிஞ்சியது மூன்றாவது நியாயம் மட்டுமே. அதுதான் மிக மோசமானது. ஆங்கிலோ-சாக்சன் இனத்துக்குக் கடவுள் உலகப் பணியை ஒப்படைத்திருக்கிறார் என்று பாதிரியார் ஜோசையா ஸ்ட்ராங் 1885இலேயே எழுதினார். ஆளப்படுவோரின் சம்மதம் தேவை என்ற கொள்கை, தம்மைத் தாமே ஆளத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றார் அரசியல்வாதி ஆல்பர்ட் பெவரிட்ஜ். பிலிப்பைன்ஸ் மக்களோ 1898 ஜூன் 12 அன்று விடுதலையை அறிவித்து, மாலோலோஸில் பேரவை கூட்டி, 1899 ஜனவரியில் அரசியலமைப்பையும் நடைமுறைப்படுத்தியிருந்தார்கள். தகுதிக்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

பிலிப்பைன்ஸை அதுவரை ஆண்ட ஸ்பெயின் 1898 போரில் அமெரிக்காவிடம் தோற்றதும், அதிபர் மெக்கின்லி முதலில் லூசோன் தீவை மட்டும் கேட்கச் சொன்னார். சில வாரங்களில் தீவுக்கூட்டம் முழுவதையும் கேட்டார். ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் தரப்பட்டது. விற்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவுடன் அடுத்து நடந்த போரில் பிலிப்பைன்ஸ் வீரர்கள் சுமார் 20,000 பேர் மாண்டார்கள். பஞ்சத்திலும் நோயிலும் இறந்த பொதுமக்கள் பல மடங்கு. கியூபாவில் மக்களை ஸ்பெயின் முகாம்களில் அடைத்ததைக் கண்டித்துப் போருக்குப் போன நாடு, பிலிப்பைன்ஸின் பத்தங்காஸில் அதையே செய்தது. இந்தக் கட்டத்தை என்னால் எந்த நியாயத்தோடும் சேர்த்து வாசிக்க முடியவில்லை.

நல்லதும் நடந்தது. 1901இல் 'தாமஸ்' கப்பலில் சுமார் 500 ஆசிரியர்கள் வந்தார்கள். இலவசத் தொடக்கக் கல்வி பரவியது. அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் பள்ளி கட்ட நாட்டைக் கைப்பற்ற வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

இந்த நிலப்பிடிப்பை அமெரிக்காவில் எதிர்த்தவர்களும் மாசற்றவர்கள் அல்லர். மார்க் ட்வைன் போன்றோர் மக்களின் உரிமைக்காகப் பேசினார்கள். செனட்டர் பென் டில்மனோ வெள்ளையரல்லாதோர் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாதென்றே எதிர்த்தார். இந்தப் பிளவு அந்த அணியின் அறவலிமையைக் குறைத்தது. பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்குத் தந்த ஸ்பெயின் ஒப்பந்தம் செனட்டில் 57–27 என, தேவைக்கு ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்று நிறைவேறியது.

இந்த நிலப்பிடிப்புக் கொள்கை வரலாற்றோடு முடிந்துவிடவில்லை. 1898இல் எடுக்கப்பட்ட போர்ட்டோ ரிக்கோவின் மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அத்தீவில் வாழ்வோருக்கு அதிபர் தேர்தலில் வாக்குரிமை இன்றும் இல்லை.