இடமும் குற்றமும்: சிலம்பு முதல் நாகராஜன் வரை

குற்றம் பிறப்பால் வருவதா, சூழலால் வருவதா என்னும் வினா குற்றவியலுக்கு மட்டும் உரியதன்று. கள்வரையும் காவலரையும் பாடிய தமிழிலக்கியமும் அவ்வினாவைத் தன் வழியில் எதிர்கொண்டுள்ளது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் நள்ளிரவுக் கள்வர் கரிய உடையும் நூலேணியும் உடையவர். அவரைத் தேடும் ஊர்க்காப்பாளரோ களவு நூல் அறிந்தவர். அங்குக் களவு ஒரு தொழில்திறன். கள்வர் எப்பகுதியினர் என்ற கேள்வி அங்கு எழவில்லை.

அக்கேள்வியை முதன்மைப்படுத்தியோர் சிகாகோச் சமூகவியலார். கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே ஆகியோர் 1942இல் வெளியிட்ட ஆய்வு, இளையோர் குற்றம் நகரின் சில பகுதிகளில் மட்டும் பல்லாண்டுகள் மிகுந்திருந்ததைக் காட்டியது. அப்பகுதிகளில் குடியிருந்த இனத்தவர் மாறிக்கொண்டே இருந்தனர். குற்ற விகிதம் மாறவில்லை. எனவே காரணம் இனத்தில் இல்லை, இடத்தில் உள்ளது என்பது அவர்தம் முடிபு. வறுமை, ஓயாத குடிமாற்றம், பல்லினக் கலப்பு ஆகிய மூன்றும் அண்டை அயலாரின் பிணைப்பைத் தளர்த்த, இளையோரைக் கண்காணிப்பார் இல்லாமற் போகின்றனர். இதனையே ‘சமூக ஒழுங்கு குலைவு’ என்பர்.

இம்முடிபின் அருமையைத் தமிழர் எளிதில் உணரலாம். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் குற்றத்தைப் பிறப்போடு பிணைத்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அது விரிந்தது. அதன்படிக் கைரேகை பதிய மறுத்த கள்ளர் சமூகத்தினர் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. பிறப்பின் மீதிருந்த பழியை விலக்கியது சிகாகோக் கோட்பாட்டின் சிறப்பு. ஆயினும் அப்பழி இடத்தின் மீது ஏறிக்கொள்ளும் இடர் அதிலேயே உள்ளது.

ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) நாவலை இக்கோட்பாட்டுக்குச் சான்றாகக் கொள்வது எளிது. கந்தனின் ஒரு நாள் வாழ்வு குடியும் தரகும் பாலியல் தொழிலுமாகக் கழிகிறது. ஒழுங்கு குலைந்த சூழல், அதன் விளைவாகிய குற்றம் என்று இரு தலைப்புகளில் மேற்கோள்களைத் தொகுத்துவிடலாம். அவ்வாறு தொகுத்தால் நாவல் கைநழுவிப் போகும். கந்தன் தனித்துவிடப்பட்டவன் அல்லன். அவனை அறிந்தோரும், அவனிடம் காரியம் வேண்டுவோரும் நாள் முழுதும் எதிர்ப்படுகின்றனர். தனக்குப்பின் மீனாவின் நிலை என்ன என்பதே அவன் கவலை. அதற்கு ஒரு வழிசெய்யவும் முயல்கிறான். இது ஒழுங்கின்மை அன்று. சட்டத்துக்குப் புறம்பான வேறோர் ஒழுங்கு. வில்லியம் ஃபூட் வைட் பாஸ்டன் நகர இத்தாலியர் குடியிருப்பை ஆராய்ந்து 1943இல் கூறியதும் இதுவே. ‘குறத்தி முடுக்கு’ (1963) ஒரு முடுக்கின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. ஆயினும் நாகராஜன் அம்முடுக்கைக் குற்றக்களமாகக் காட்டாது, மனிதர் அன்பு கொள்ளும் இடமாகவும் காட்டுகிறார்.

சிலப்பதிகாரம் இச்சிக்கலை இன்னும் கூர்மையாக அணுகுகிறது. கொலைக்களக் காதையில் கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்துக் களவு நூல் கூறும் எட்டுத் துணைகளை அடுக்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம் என வரும் அவ்வரிசையில் இடமும் ஒன்று. களவுக்கு வாய்ப்பான இடத்தைக் குறிக்கும் அச்சொல், அவன் வாயில் அயலானைக் கள்வனாக்கும் கருவியாகிவிடுகிறது. நகரின் புறஞ்சேரியில் கோவலனுக்குப் பிணைப்பு இருந்தது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். ஆயர் மகளும் அதனை ஏற்றாள். பிறருக்காகப் பொறுப்பேற்க முன்வரும் இவ்வியல்பையே ராபர்ட் சாம்ப்சனும் பிறரும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து, 1997இல் குற்றத்தைத் தடுக்கும் ஆற்றலாகக் காட்டினர். ஆனால் கோவலன் சிலம்பு விற்கத் தனியே நகருள் புகுகிறான். அங்கு அவனை அறிந்தார் ஒருவரும் இலர். அயலாரின் பிணைப்பு குற்றத்தைத் தடுக்கும் என்பர் ஆய்வாளர். அப்பிணைப்பு இல்லாதவன் மீது குற்றம் எளிதில் சுமத்தப்படும் என்பதை இளங்கோ காட்டுகிறார். இவ்வேறுபாடு ஆய்வாளரால் போதிய அளவு கருதப்படவில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. புணே மாவட்டம் சிரூர் வட்டத்து ரஞ்சன்காவ், அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றாகிய மகாகணபதி கோயிலால் அறியப்பட்ட சிற்றூர். மகாராட்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை வந்தபின் வெளியூர்த் தொழிலாளர் அங்கு வந்து வாடகை அறைகளில் தங்கலாயினர். குடிமாற்றம், பன்மொழிக் கலப்பு எனக் கோட்பாடு கூறும் நிலைமைகள் அங்கு உள்ளன. அவற்றை மட்டும் கொண்டு அவ்வூரைக் குற்றக்களம் என்று எழுதிவிடுதல் பொற்கொல்லன் செய்த வேலையாகும். வாடகைக்கு வருவோரின் விவரத்தை வீட்டு உரிமையாளர் காவல் நிலையத்தில் அளிக்கவேண்டும் என்னும் ஆணைகள் புணே மாவட்டத்தில் பிறப்பிக்கப்படுவதுண்டு. வந்தவன் யார், எவ்வூரான், அவனை அறிந்தவர் யார் என்பனவே அங்குக் கேட்கப்படுவன. மதுரையில் அவ்வினாக்களைக் கேட்டிருந்தால் மாதரி விடை கூறியிருப்பாள்.